தலைப்பா கட்டிய தாய்மாமன்

இல்ல தம்பி, நான் உக்காரல. நீங்க உக்காருங்க. பெஞ்சுல எவன் எதைக் கொட்டி வச்சிருக்கான்னு தெரியாது. பட்டு வேட்டியில டீக்கறை பட்டா போகவே போகாது. டீயும் வேணாம், நீங்க குடிங்க. மாப்பிள்ளை வீடுதானே? மாப்பிள்ளை கூட வேலை பாக்குறீங்களா? அதான பாத்தேன். எப்படிக் கண்டுபிடிச்சேன்னா கேக்குறீங்க? கல்யாணத்துக்கு பனியனைப் போட்டுட்டு வேற யாரு வருவா?

டீ சர்ட்டா? சரி, நீங்க அப்படியே சொல்லிக்கங்க. காலரு இருந்தா சட்டை, காலரு இல்லைன்னா பனியன், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நெஞ்சுல எழுத்து வேற. என்ன எழுதியிருக்கு? ஓட்டப்பந்தயத்துல கம்பெனி குடுத்ததா? ஓடுறதுக்குக் குடுத்ததைப் போட்டுக்கிட்டு தாலி கட்டுறதைப் பாக்க வந்திருக்கீங்க. நல்லது. கோவிச்சுக்காதீங்க தம்பி, உங்களை மட்டும் சொல்லல. இங்கிட்டு இருந்து மண்டபத்து வாசலைப் பாருங்க, உங்களுக்கே புரியும்.

அந்தா ஆட்டோவுல இருந்து இறங்குறான் பாருங்க, முக்கால் காலுக்கு ஒரு டவுசரு. வயசு அம்பது இருக்கும். அந்தம்மா பரவாயில்ல, பட்டுச்சேலை கட்டியிருக்கு. அப்படியே கீழ பாருங்க. ஷூ! காலையில நடைப்பயிற்சிக்குப் போறவங்க போடுற ஷூ. குதிகால் வலியாம், டாக்டர் சொன்னாராம், கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்க. வேட்டி கட்டியிருக்கானே அந்தப் பையன், அது வேட்டியா நினைச்சீங்க? இடுப்புல பட்டை வச்சு ஒட்டிக்கிற வேட்டி. சைடுல பாக்கெட்டு வேற. வேட்டியில பாக்கெட்டு! இதுக்கு ஒரு தலையணை உறையைச் சுத்திட்டு வந்திருக்கலாம்.

எல்லாரும் என்னைத்தான் பாத்துட்டுப் போறாங்க, கவனிச்சீங்களா? பாக்கட்டும். ஒரு ஆளாவது ஒழுங்கா உடுத்தி நிக்கிறானேன்னு பாப்பாங்க. இது மல்லுத் துணி, கஞ்சி போட்டது. இந்த விசிறி மடிப்பு இருக்கே, இது கடையில ஒட்டி விக்கிற தலைப்பா கிடையாது, ஒவ்வொரு மடிப்பும் கையால வச்சது. இதைக் கட்டத் தெரிஞ்சவன் இந்த ஜில்லாவுலயே இப்ப நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

நான் யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே. பொண்ணுக்குத் தாய்மாமன். மூத்த தாய்மாமன். பேரு பூமிநாதன்.

பின்ன ஏன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடையில நிக்கிறேன்னுதானே பாக்குறீங்க? இன்னும் என்னைக் கூப்பிடல. பத்திரிகை எல்லாம் வச்சாங்க, அதைச் சொல்லல. தாய்மாமன் வந்தா வாசல்ல மேளத்தோட வந்து அழைச்சுட்டுப் போகணும். எங்கள்ல அதுதான் முறை. மாமன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாத்தான் பொண்ணு மணவறையில உக்காரும். மாமன் மாலையைப் போட்ட பிறகுதான் மத்த மாலை. அப்பேர்ப்பட்ட மாமனை, 'வந்துட்டீங்களா, உள்ள வாங்க, டிபன் சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டு பொண்ணோட அப்பா அவரு பாட்டுக்குப் போனா எப்படி? நான் என்ன இட்டிலிக்கு வந்தவனா?

என் வீட்டுக்காரி உள்ள போயிட்டா. அவளுக்கு அந்த ரோசமெல்லாம் கிடையாது. 'நான் நாத்தனா மக கல்யாணத்துக்கு வந்திருக்கேன், உங்க தலைப்பாவுக்குத் துணையா ரோட்டுல நிக்கிறதுக்கு வரல'ன்னு சொல்லிட்டு சைடு கேட்டு வழியா நுழைஞ்சுட்டா. இந்நேரம் பந்தியில உக்காந்திருப்பா.

நான் கோர்ட்டுல டவாலியா இருந்தவன். டவாலின்னா தெரியாதா? இப்ப உள்ள பிள்ளைகளுக்கு எதுதான் தெரியும். ஜட்ஜுக்கு முன்னால நடந்து வர்றவரு தம்பி. வெள்ளை உடுப்பு, நெஞ்சுக்குக் குறுக்கால செவப்புப் பட்டை, அதுல பித்தளை வில்லை, தலையில தலைப்பா. நான் கதவைத் திறந்து 'உஸ்'னு ஒரு சத்தம் குடுப்பேன். அவ்வளவுதான். வக்கீலு, போலீஸு, சாட்சி, கொலைக்கேசுல வந்து நிக்கிறவன், பூராப் பேரும் எந்திரிச்சுருவான். செருமுறவன் கூட செரும மாட்டான்.

'அது ஜட்ஜுக்கு எந்திரிச்சது'ன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. அவ ஒருநாளும் கோர்ட்டுப் படி ஏறினவ இல்ல. நீங்களே சொல்லுங்க, முதல்ல உள்ள வர்றது யாரு? நான். என்னைப் பாத்துத்தானே எந்திரிக்கிறாங்க? ஜட்ஜு உள்ள வரும்போது எல்லாரும் ஏற்கெனவே நின்னுக்கிட்டில்ல இருப்பாங்க? அவருக்காக எவனும் புதுசா எந்திரிச்சு நான் பாத்ததில்ல.

சர்வீஸ் பூராவும் நான் உள்ள போகாம கோர்ட்டு ஆரம்பிச்சதே கிடையாது. ஒருநாள் ஜட்ஜு ஐயாவே சேம்பர்ல தயாரா நிக்கிறாரு, நான் தலைப்பா கட்டி முடிக்கல, அப்படியே நின்னாரு. படிச்சவரு, உடுப்போட மதிப்பு தெரிஞ்சவரு. அப்படி இருந்துட்டு இந்தக் கூட்டத்துல வந்து சிக்கியிருக்கேன்.

இருங்க, போன் அடிக்குது. தங்கச்சி மாப்பிள்ளைதான், பொண்ணோட அப்பா சீனிவாசகம். ஆங், சொல்லுங்க மாப்பிள்ளை. எதுத்தாப்புல டீக்கடையில. ஆமா. ஆமா. வர்றேன், நான் வரமாட்டேன்னா சொன்னேன்? எப்படி வரணுமோ அப்படி வர்றேன். சரி, வைங்க.

பாத்தீங்களா தம்பி? போன்ல கூப்பிடுறாரு. மண்டபம் அந்தா இருக்கு, ரோட்டைத் தாண்டுனா மாமன் நிக்கிறேன், போனு! மேளக்காரங்க நலங்குக்கு வாசிச்சுட்டு இருக்காங்களாம், எழுப்பிக் கூட்டிட்டு வர முடியாதாம். கொஞ்சம் அனுசரிச்சுக்கங்கன்னு சொல்றாரு. நான் அனுசரிச்சு அனுசரிச்சுத்தான் போன கல்யாணத்துல என் தலையில மண்ணைப் போட்டாங்க.

அதைச் சொல்றேன் கேளுங்க. முகூர்த்தத்துக்கு நேரம் கிடக்கு. இதே மண்டபந்தான். மூத்தவ ஹேமலதா கல்யாணம், போன வருஷம் வைகாசி. நான் முதல் நாளே வந்துட்டேன். பட்டு வேட்டி, ஜிப்பா, அங்கவஸ்திரம், தலைப்பாவுக்கு மல்லு, எல்லாம் தனித்தனியா காகிதத்துல சுத்தி பெட்டியில வச்சுக் கொண்டாந்தேன். காலையில மாடி ரூம்ல உடுத்த ஆரம்பிக்கிறேன், என் தம்பி வந்து நிக்கிறான்.

தம்பின்னா குமரேசன், என் கூடப் பிறந்தவன். அவனும் தாய்மாமன்தான், இல்லைங்கல. லாரி ஓட்டுறான். நாக்பூர்ல ஆரஞ்சு ஏத்திட்டு வந்தவன் மதுரையில லோடை இறக்கிட்டு லாரியோடவே மண்டபத்துக்கு வந்துட்டான். கைலி. சட்டையில கிரீஸு. கண்ணு ரெண்டும் தூக்கமில்லாம ரத்தமா கிடக்கு. 'வீட்டுக்குப் போயி உடுப்பு மாத்துனா முகூர்த்தம் தப்பிரும்ணே, பெட்ரோல் பங்குல குளிச்சுட்டேன்'னு பல்லைக் காட்டுறான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். 'டேய், இந்தக் கோலத்தோட மேடைப் பக்கம் தலைகாட்டுனா கொன்னுருவேன், அடுப்படிக்குப் போ'ன்னேன். போயிட்டான். நான் சொன்னா கேப்பான், அதுல குறை சொல்ல முடியாது.

அப்புறம் நான் தலைப்பா கட்ட உக்காந்தேன். ரூம்ல உள்ள கண்ணாடியைப் பாக்கணுமே. வந்தவ போனவளெல்லாம் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வச்சிருக்கா, அதுக்கு நடுவுல என் மூஞ்சியை நான் தேடிப் பிடிக்கணும். பக்கத்துலயே குளிக்கிற ரூமு. வெந்நி ஆவி பூராம் இங்க வருது. கஞ்சி தளந்து போச்சு. விசிறி நிக்க மாட்டேங்குது. அவுத்தேன், கட்டுனேன். சாயுது. அவுத்தேன். வந்து கதவைத் தட்டுறாங்க, 'மாமா, நேரமாச்சு'ன்னு. வர்றேன்னு சொன்னேன். மறுபடி கட்டுனேன். மறுபடி தட்டுறாங்க. என் வீட்டுக்காரி வந்து கதவை உடைக்கிற மாதிரி தட்டுறா. 'துண்டைச் சுத்திக்கிட்டு வாங்க, போதும்'ங்குறா. துண்டா! 'போடி, நான் போகாம எப்படி ஆரம்பிப்பாங்க'ன்னு சொல்லிட்டு நிதானமா ஒவ்வொரு மடிப்பா வச்சுக் கட்டுனேன். அன்னிக்கு விசிறி நின்னுச்சு பாருங்க, சர்வீஸ்ல கூட அப்படி நின்னதில்ல.

மாடியில இருந்து இறங்கி ஹாலுக்குள்ள காலு வைக்கிறேன். மொத்த மண்டபமும் எந்திரிச்சு நிக்குது.

சத்தியமா சொல்றேன் தம்பி, ஒருத்தர் கூட உக்காந்திருக்கல. எனக்கு அப்படியே நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பரவாயில்லையே, நம்மாளுகளுக்கும் மரியாதை தெரிஞ்சிருக்கேன்னு நினைச்சேன். நடுவுல கம்பளம் விரிச்சிருந்தாங்க. கோர்ட்டுல நடக்கிற மாதிரியே, அவசரமில்லாம, நேரா பாத்து நடக்கிறேன். ஒருத்தனும் என்னைத் திரும்பிப் பாக்கல. எல்லாரும் கையைத் தூக்குறாங்க. அரிசி விழுகுது. மேளம் காதைக் கிழிக்குது. அப்பத்தான் எனக்கு லேசா உறைச்சுச்சு.

பாதி வழியில வீடியோக்காரப் பையன் என்னை மறிக்கிறான். 'அண்ணே, வாசல்ல நிக்கச் சொன்னா இங்க என்ன பண்றீங்க? மறைக்காதீங்க, ஓரமா போங்க'ங்குறான். மண்டபத்துல வரவேற்புக்கு ஆளு வச்சிருக்காங்களாம், தலைப்பா கட்டிக்கிட்டு பன்னீர் தெளிக்கிறதுக்கு. அந்த ஆளுன்னு நினைச்சுட்டான்! அவன் தொலையிறான், காசுக்கு வந்தவன். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுசன் ஒருத்தன் என் தோளைத் தட்டி, 'காரை எங்கப்பா நிறுத்துறது'ன்னு கேக்குறான். இந்த நாட்டுல ஒருத்தன் முறையா உடுத்தி வந்தா அவனை வேலைக்காரன்னு நினைக்கிறாங்க தம்பி. அழுக்கா வந்து நின்னா முதலாளி. இதுதான் இப்பத்த லட்சணம்.

மேடையைப் பாக்குறேன். ஹேமா பக்கத்துல, மாமன் நிக்கிற இடத்துல, கைலி. இடுப்புல சாம்பார் வாளி துடைக்கிற துண்டு. நல்ல நேரம் முடியப்போகுதுன்னு ஐயரு 'யாராவது ஒரு மாமன் வாங்க'ன்னு மைக்குல கத்துனாராம். அடுப்படியில வாளியோட நின்னவனைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கையைப் பிடிக்க வச்சுட்டாங்க. யாராவது ஒரு மாமனாம்! யாராவது ஒரு ஜட்ஜு வாங்கன்னு கோர்ட்டுல கூப்பிடுவாங்களா?

கூப்பிட்டா இவன் போகலாமா? அண்ணன் மாடியில இருக்காரு, கொஞ்சம் பொறுங்கன்னு சொல்ல வாய் இல்லையா? சொன்னானாம். சொன்னேண்ணேன்னு என் காலைப் பிடிச்சு அழுதான். ஐயரு கேக்கலையாம். அந்தக் கைலி ஆல்பத்துல ஆயுசுக்கும் இருக்கும் தம்பி. பட்டும் நகையுமா அத்தனை பேரு நிக்கிறாங்க, நடுவுல கட்டம் போட்ட கைலி. நானும் ஒரு போட்டோவுல இருக்கேன். ஓரத்துல தலைப்பா விசிறி மட்டும் தெரியுது. மத்தது வெட்டிட்டான்.

சாப்பிடாம வந்துட்டேன். தங்கச்சி குருவம்மா அண்ணே அண்ணேன்னு பின்னாலயே வந்தா, நான் நிக்கல. அதோட போக்குவரத்து கிடையாது. தீபாவளிக்கு வந்தாங்க, ரூம்ல போயி படுத்துக்கிட்டேன். ஹேமாவுக்குப் பிள்ளை பிறந்துச்சு, வீட்டுக்காரி போயி பாத்துட்டு வந்தா. ஆம்பளப் பிள்ளையாம். நல்லா இருக்கட்டும்.

இன்னிக்கு நடக்கிறது சின்னவளுக்கு. சுபாஷினி. உங்க சிநேகிதனுக்கு வாச்சவ. பாத்திருப்பீங்களே? உங்க ஆபீஸுக்குக் கூட வந்திருக்காளா? அவ எங்க வீட்டுலதான் தம்பி வளந்தா. இவங்க ஊர்ல அப்ப நல்ல ஸ்கூல் கிடையாது, எங்கிட்ட விட்டுட்டாங்க. எங்களுக்குப் பிள்ளை இல்ல. ரெண்டாப்புல இருந்து பன்னெண்டாப்பு வரைக்கும் அவ யூனிபாரத்துக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். கோர்ட்டு உடுப்புக்கு முன்னால அவ உடுப்பு. பாவாடை மடிப்பு கத்தி மாதிரி நிக்கும். ஒருநாள் கூட அந்தப் பிள்ளை கசங்கின உடுப்போட ஸ்கூலுக்குப் போனதில்ல. ரிப்பன்ல ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தா அவளே அழுதுருவா. மாமா நேராக்கிவிடுங்கன்னு வந்து நிப்பா.

அவ போன மாசம் பத்திரிகையோட வந்தா. எப்படி வந்தா தெரியுமா? பேண்டு முட்டியில கிழிஞ்சிருக்கு. கிழிச்சேதான் விக்கிறானாம். நான் பத்திரிகையைக் கையில வாங்கல, முட்டியையே பாத்துட்டு இருக்கேன். 'பெரிய மாமா, உங்களைத் தவிர யாரும் என் கையைப் பிடிக்கக் கூடாது. சின்ன மாமாகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க வந்தாத்தான் நான் ரூமை விட்டு இறங்குவேன்'னு சொன்னா. 'கிழிசலைத் தைச்சுட்டு வந்து பேசு'ன்னு சொன்னேன். சிரிச்சுட்டு, என் வீட்டுக்காரிகிட்ட ஊசி நூலு வாங்கி, அங்கனயே உக்காந்து தைச்சா. கோணல் மாணலா இருந்துச்சு. தைக்க வராது அவளுக்கு. அதுக்கப்புறந்தான் பத்திரிகையை வாங்கினேன். மேளத்தோட அழைச்சா வர்றேன்னு சொன்னேன். சரின்னுதான் சொன்னா.

அதுக்குத்தான் இன்னிக்கு வெள்ளென எந்திரிச்சு வீட்டுலயே கட்டி முடிச்சு, வாடகைக் காருல தலையை இடிக்காம குனிஞ்சே வந்து இறங்கியிருக்கேன். லேட்டாக்குனேன்னு எவனும் சொல்ல முடியாதுல்ல?

அந்தா வர்றான் பாருங்க. இவன்தான் குமரேசன். பக்கத்துல வரட்டும், பேசாம இருங்க. என்னடா? எதுக்கு வந்த? ஏன், ஒம் மாப்பிள்ளை சீனிவாசகத்துக்கு நடந்து வர காலு இல்லையா? நீ மேளமா? நீ என்ன நாயனமா? சரி சரி, அழுகாத. ரோட்டுல நின்னு அழுகாதடா, பாக்குறாங்க. போ. போன்னு சொல்றேன்ல!

கேட்டீங்களா அவன் சொன்னதை? 'நான் மண்டபத்துக்குள்ளயே வரலண்ணே, லாரியில உக்காந்துக்கிறேன், நீ போயி பிள்ளை கையைப் பிடி'ங்குறான். பெருந்தன்மையாம். அவன் கட்டியிருந்த பட்டு வேட்டியைப் பாத்தீங்களா? கடையில மடிச்ச மடிப்புக் கூட கலையல, பலகை மாதிரி நிக்குது. சட்டையில விலைச்சீட்டு ஒட்டுன பசை இருக்கு. எனக்காக வாங்கினானாம். ஒரு இஸ்திரி போட்டா குறைஞ்சா போயிருவான்? அந்தா, லாரியில ஏறிட்டான் பாருங்க. மண்டபத்துக்குப் பக்கத்துல நிக்குதே, அதான். பட்டு வேட்டியோட லாரியில ஏறுற முதல் மனுசன் இவனாத்தான் இருப்பான்.

என்ன தம்பி, டீ ஆறிப்போச்சே. குடிங்க. ஏன் அங்கேயே பாக்குறீங்க?

யாரு? சுபாவா அது?

அடி பாவி, இது என்ன கோலம்! கல்யாணப் பொண்ணு ரோட்டைத் தாண்டி வர்றதா? லாரி வருது பாரு, நில்லு, அங்கனயே நில்லு, இப்ப வா. பாத்து. என்னடி இது? தலையைப் பாரு. பாதிச் சடைதான் பின்னியிருக்கு, கிளிப்பு தொங்குது. காதுல ஒரு பக்கம் ஜிமிக்கி, இன்னொண்ணு எங்க? அது என்ன கால்ல? பாத்ரூம் செருப்பா? அலங்காரம் பண்ற பொம்பளைகிட்ட சொல்லாம ஓடி வந்தியா? மாப்பிள்ளையோட சிநேகிதரு இங்கதான் இருக்காரு, பாத்துட்டு இருக்காரு, எனக்கு மானம் போகுது. என்ன? மேளமெல்லாம் வேணாம், நான் வந்திருக்கேன்லங்குறியா? நீ வந்தா? நீ வந்தா சரியாப் போச்சா? இந்தக் கோலத்துல உன் கையைப் பிடிச்சுட்டு நான் எப்படிம்மா உள்ள வருவேன்? பாக்குறவன் என்ன சொல்லுவான்? போ. போயி கூறைச்சேலையைக் கட்டி, பூ வச்சு, நல்லா உடுத்திட்டு மேளத்தோட ஆளை அனுப்பு. மாமன் எங்கயும் போக மாட்டேன். இங்கதான் நிக்கிறேன். கையை விடு, அங்கவஸ்திரம் கசங்குது. போம்மா. லாரி பாத்துப் போ.

போயிட்டா.

பாத்தீங்களா தம்பி, போகும்போது என்ன பண்ணுனா பாத்தீங்களா? 'சரி மாமா'ன்னா. 'விசிறி லேசா சாஞ்சிருக்கு மாமா'ன்னு எக்கி நிமித்தி விட்டுட்டுப் போறா. கண்ணு எங்க போகுது பாத்தீங்களா? இந்தக் கூட்டத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்குமா சாஞ்சிருக்குன்னு? நீங்க இவ்வளவு நேரம் எதுக்கவே உக்காந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரிஞ்சுச்சா? நான் பழக்கினது. நான் பழக்கினது தம்பி அது.

கண்ணு கலங்கியிருந்துச்சா? இருக்காது. மையி போட்டிருப்பாங்க, கரிக்கும்.

இப்ப ஆளு வரும் பாருங்க. பொண்ணே வந்து சொல்லிட்டுப் போயிருக்கு, சும்மாவா? நாயனம் முன்னால வரும், தவில் பின்னால, தாம்பாளத்துல மாலை. மாப்பிள்ளை சீனிவாசகம் தோள்ல கிடக்கிற துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வருவாரு. அப்ப நான் நடக்கிறதைப் பாருங்க. நீங்களும் கூட வாங்க, ஆனா கொஞ்சம் பின்னாலயே வாங்க, அந்தப் பனியனோட பக்கத்துல வராதீங்க.

லாரிகிட்ட யாரது? என் வீட்டுக்காரி. அவ எதுக்கு லாரிக் கதவைத் தட்டுறா? என்னமோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்றா. அவன் இறங்குறான். மாட்டேன்னு தலையை ஆட்டுறான். இங்க பாக்குறான். இங்க என்னத்தடா பாக்குற? அவ இழுக்குறா. தோள்ல ஒரு அடி கூட போட்டுட்டா. ஓடுறான். அட, மண்டபத்துக்குள்ள ஓடுற ஓட்டத்தைப் பாருங்க, புது வேட்டியைத் தொடைக்கு மேல சுருட்டிக்கிட்டு! மாமன் ஓடலாமா? கெளவி அவளும் பின்னாலயே ஓடுறா, முந்தானை ரோட்டைக் கூட்டுது. அசிங்கம். சுத்தமா அசிங்கம்.

வரலையே மேளம்? நலங்கு இந்நேரம் முடிஞ்சிருக்கணும். மணி என்ன தம்பி? இல்ல, சொல்ல வேணாம். அவ சேலை மாத்தவே நேரமாகும். கூறைச்சேலை சாமானியத்துல கட்ட முடியாது, கொசுவம் நிக்காது, பட்டு வழுக்கும். வருவா. மாமன் வந்தாத்தான் ரூமை விட்டு இறங்குவேன்னு சொன்ன பிள்ளை.

இது என்ன சத்தம்?

கெட்டி மேளம் மாதிரி இருக்கு. இல்ல, இருக்காது. நலங்கு முடியும்போதும் ஒருக்கா வேகமா வாசிப்பாங்க. பக்கத்து மண்டபமா இருக்கும். பக்கத்துல மண்டபம் இல்லையா? ஏன் டீ மாஸ்டரு, பாலை ஆத்துறதை விட்டுட்டு என்னை என்ன பாக்குற? உன் வேலையைப் பாரு.

நீங்க ஏன் எந்திரிச்சுட்டீங்க தம்பி? போகணுமா? போங்க, போங்க. சிநேகிதன் தாலி கட்டும்போது நீங்க அங்க இல்லாம எப்படி? ஓடுங்க, இன்னும் அரிசி போட்டுட்டுதான் இருப்பாங்க, பிடிச்சுரலாம். உங்களுக்கு என்ன, இப்படியே போயி நிக்கலாம், ஒருத்தன் கேக்க மாட்டான். நான் வரல. நான் வர முடியாது தம்பி, கூப்பிடலையே.

தம்பி, ஒரு நிமிசம். சேலை என்ன கலருன்னு எங்கிட்ட அவ சொல்லவே இல்ல. பாத்துட்டு வந்து சொல்லிருங்க.